ஒரு விசில், இரண்டு விசில்

பத்து பத்துக்குப் பரீட்சை மணி அடித்தது. பத்து ஐம்பதுக்கு மறுபடியும் அடிக்கும். நடுவில் நாற்பது நிமிஷம், இருபது கணக்கு. கணக்குக்கு இரண்டு நிமிஷம் என்று ஐந்தாவதோடு நின்றுபோன எனக்கே தெரிகிறது. நின்றுபோன என்று சொல்வதுகூடத் தப்பு, நிறுத்தினார்கள். அண்ணன் படிக்கட்டும், சென்னியப்பன் லாரிக்குப் போகட்டும் என்று அப்பன் சொன்ன அன்றைக்கு நான் தட்டில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். ஐம்பது வருஷம் ஆகிறது, அந்தச் சோற்றில் என்ன குழம்பு ஊற்றியிருந்தது என்று இன்னும் சொல்வேன். சரி, அது இப்போது எதற்கு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பி கேட், கேட்டுக்கு உள்ளே மைதானம், மைதானம் முடிகிற இடத்தில் மூன்று மாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் இடது கோடி ஜன்னல்தான் நாலாம் வகுப்பு. அந்த ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் என் மகள் சஷ்டிகா உட்கார்ந்திருப்பாள். மகள்தான். அவளுக்கு ஒன்பது, எனக்கு அறுபது. "தாத்தா, இங்க நிக்கக் கூடாது, ரோட்டுக்கு அக்கட்டால போங்" என்று காலையில் வாட்ச்மேன் சொன்னான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும், மீசைக்கு மை போட்டிருக்கிறான்.  அவன் முகத்தை மனசில் வைத்துக்கொண்டேன். எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். வசந்தாமணி, என் வீட்டுக்காரி, சொல்வாள், "உங்களுக்கு ஞாபகம் வெக்கறதுக்கு வேற நல்லதே கெடைக்கலீங்களா" என்று. கிடைக்கவில்லை. இன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சஷ்டிகா அந்தப் பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். மார்க் வேண்டாம். இருபதும் தப்பாக இருக்கட்டும். மணி அடித்ததும் கையை எடுத்துவிட்டுப் பேப்பரைக் கொடுக்க வேண்டும், புருவத்தில் முடி இருக்க வேண்டும்.

புருவம். அதை முதலில் பார்த்தது நானா வசந்தாமணியா என்பதில்கூட எங்களுக்குள் சண்டை. போன பரீட்சையில் மூன்று கணக்குதான் போட்டாள். மூன்றும் சரி, அச்சடித்த மாதிரி. எட்டு என்று எழுதினால் மேல்வட்டமும் கீழ்வட்டமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழிப்பாள். சமக்குறிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று நிற்க வேண்டும், ஒன்று ஒதுங்கினால் மொத்தத்தையும் அழிப்பாள். அழித்து அழித்துக் காகிதம் வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிடும். மணி அடித்த பிறகும் அவள் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாளாம். சுகன்யா மிஸ் இழுத்திருக்கிறார்கள், இவள் விடவில்லை, நடுவில் கிழிந்துவிட்டது. கிழிந்ததைப் பார்த்ததும் இவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது என்று மிஸ்ஸே சொன்னார்கள். சும்மா உட்கார்ந்து புருவத்தை ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி டெஸ்கில் வரிசையாக வைத்திருக்கிறாள். வரிசையாக. அதுவும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று. வீட்டுக்கு வந்தபோது இடது புருவம் பாதி இல்லை. வசந்தாமணி மை பென்சிலால் வரைந்து அனுப்பினாள், அந்தக் கோடு வலது புருவம் மாதிரி இல்லை என்று இவள் ஸ்கூல் வேன் வரும்வரை கண்ணாடி முன்னால் நின்று துடைத்துத் துடைத்து வரைந்தாள். அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள். பெரிய மேடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள், மரியாதையாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு எப்போதும் அடி விழுந்திருக்கிறது. "அடுத்த டெஸ்டுலயும் பாப்பா பேப்பர் குடுக்கலைன்னா, நீங்க அவளுக்குத் தோதா வேற ஸ்கூல் பாத்துக்கறது நல்லது." டாக்டரிடமும் காட்டினோம், அவர் அப்படிச் சொல்லவில்லை. நோய் ஒன்றும் இல்லை, பயம், வீட்டில் நேரம் வைத்து விளையாட்டு மாதிரிப் பழக்குங்கள் என்றார். செல்போனில் நேரம் வைத்தோம். எண்கள் குறையக் குறைய அவள் கை புருவத்துக்குப் போனது. செல்போனைக் கவிழ்த்து வைத்தோம். கவிழ்த்து வைத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டுதானே இருக்கும் என்று கேட்டாள்.  எனக்குள்ளும்தான் எல்லாம் கவிழ்த்து வைத்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்து இருபது. பத்து நிமிஷம் போய்விட்டது. கணக்குப்படி ஐந்தாவது முடிந்திருக்க வேண்டும், அவள் முதல் கணக்கின் எட்டை அழித்துக்கொண்டிருக்கலாம். பையில் கையை விடுகிறேன், விசில் இருக்கிறது. பித்தளை விசில், உள்ளே உருளுகிற கொட்டை கொஞ்சம் உடைந்தது, ஊதினால் ஒரு கரகரப்பு வரும். இந்த யோசனை என்னுடையதுதான். தாராபுரம் பழனி ரூட்டில் பதினாறு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவனுக்கு வேறென்ன யோசனை வரும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். அதையே சமையலறையில் வைத்துக்கொண்டோம். சஷ்டிகா டிரைவர், நான் கண்டக்டர், வசந்தாமணி வெங்காயம் அரிந்தபடி பாசஞ்சர். ஒவ்வொரு கணக்கும் ஒரு ஸ்டாப். அவள் அழிக்க ஆரம்பித்தால் நான் இரண்டு விசில் ஊதுவேன், ரைட், போலாம், அடுத்த ஸ்டாப். கை புருவத்துக்குப் போனால் ஒரு விசில். ஹோல்டான். பென்சிலைக் கீழே வைத்து மூச்சு விட வேண்டும். முதல் நாள் அவள் என்னை முறைத்தாள். "விட்டுட்டுப் போனா அந்த ஸ்டாப்புல நிக்கறவங்க என்ன பண்ணுவாங்கப்பா?" "திரும்பி வர்றப்ப ஏத்திக்கலாம் கண்ணு." "அதுவரைக்கும் வெயில்ல நிப்பாங்களே." "நெழல் இருக்கும்." "எல்லா ஸ்டாப்புலயும் நெழல் இருக்குமா?" வசந்தாமணி இடையில் சொன்னாள், "உங்கப்பன் ஓட்டுன பஸ்சுல ஏர்றதுக்கு வெயில்லயே நின்னுக்கலாம் சாமி." அதற்கு அவள் சிரித்தாள். எத்தனை நாளுக்கு அப்புறம். நாலு கணக்கு ஏழாச்சு, ஏழு பத்தாச்சு, ஞாயிற்றுக்கிழமை பதினாலு. நடுவில் ஆறு வெற்றிடம் விட்டிருந்தாள், கோணலாக ஒரு எட்டும் இருந்தது, அதை அவள் பார்த்தாள், விட்டுவிட்டாள். நான் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் விசிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "இதுல செ, மு-ன்னு கீறியிருக்குது. நீ சென்னியப்பன், செ சரி. மு யாரு?" "கடைக்காரன் சும்மா கீறுனது. இது என்றது." என்னுடையது என்று சொன்னேன். குழந்தையிடம்.

காலையில் கேட் முன்னால் நடந்தது திரும்பத் திரும்ப வருகிறது. வேனில் அனுப்பாமல் நானே கூட்டிவந்தேன், பரீட்சை நாளில் ஐந்தாவது வரைக்கும் பதினோரு மணிக்கே விட்டுவிடுவார்கள், காத்திருந்து கூட்டிப்போகலாம் என்று. கேட்டுக்கிட்டே வந்ததும் நின்றாள். "உள்ள யாருப்பா ஊதுவாங்க?" இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பதினைந்து நாள் ஊதிப் பழக்கினவனுக்கு, உள்ளே விசில் இருக்காது என்று தோன்றவே இல்லை. "மனசுக்குள்ள நீயே ஊதிக்க கண்ணு." "எனக்கு எப்ப ஊதறதுன்னு தெரியாதே. அது கண்டக்டருக்குத்தான தெரியும்." சரியாகத்தான் சொன்னாள். "நான் வெளியதான் உக்காந்திருப்பேன்" என்றேன். "அப்ப நீ ஊதுவியா?" அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வந்தான், தாத்தா, அக்கட்டால போங் என்று. நான் தலையை ஆட்டினேன். வாட்ச்மேனுக்கு ஆட்டினேனா அவளுக்கு ஆட்டினேனா. சரி என்று ஆட்டினேனா, முடியாது என்று ஆட்டினேனா. எங்கள் தலையாட்டல் இருக்கிறதே, அதில் எது எது என்று எனக்கே தெரியாது. அவள் முகம் தெளிந்தது. உள்ளே போய்விட்டாள். நான் ஊதுவேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது அந்த ஜன்னலுக்கு உள்ளே பென்சிலைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். "ஏனுங்ணா, இப்பிடி வேர்க்குது. நீங்களும் உள்ள போயி ஒரு பேப்பர் எழுதுனா சரியாப் போயிருமுங்." சிரித்து வைக்கிறேன். இந்த ஆள் பரவாயில்லை, அண்ணா என்கிறார்.

விசில். வந்துவிட்டது. என் பையிலிருந்து இல்லை, மைதானத்திலிருந்து. எழுந்தே விட்டேன். பெரிய பையன்கள் இருபது பேர் டிரவுசரோடு வரிசையாக நிற்கிறார்கள், பி.டி. மாஸ்டர் கழுத்தில் விசில். ஊதுகிறார், ஓடுகிறார்கள். ஊதுகிறார், நிற்கிறார்கள். பரீட்சை நேரத்தில் இதை ஊத வேண்டுமா இந்த ஆள். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது. அவளுக்குக் கேட்கும். அப்பா ஊதுகிறார் என்று நினைப்பாள். ஒன்று கேட்டால் பென்சிலைக் கீழே வைப்பாள், இரண்டு கேட்டால் போட்டுக்கொண்டிருக்கிற கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவாள், மாஸ்டர் பையன்களுக்கு ஊத ஊத இவள் அங்கே நின்று நின்று ஓடுவாள். வாட்ச்மேனிடம் போய்ச் சொல்லலாமா. என்ன சொல்வது. விசிலை நிறுத்தச் சொல்லுங்கள், என் மகள் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்றா. மறுபடியும் ஊதுகிறார். அது ஒன்றா, இரண்டா. இரண்டு. இரண்டுதான். எனக்கு இதில் சந்தேகமே வராது, பதினெட்டு வருஷமாக இதே சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஜின்னிங் மில் ஸ்டாப், சாயந்தரம் நாலே கால். பழனியிலிருந்து திரும்புகிறோம், ஆறு நிமிஷம் லேட், பின்னாலேயே அடுத்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது, என் கால் கிளட்சிலேயே இருக்கிறது. ராசம்மா என்று ஒரு அம்மா, முருங்கைக்காய்க் கட்டோடு பின்படியில் இறங்கினார்கள். விசில் கேட்டது. இரண்டு. எடுத்தேன். அந்த அம்மா ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக இருந்திருக்கிறார்கள். இடுப்பு எலும்பு. இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்கள். ரோடெல்லாம் முருங்கைக்காய் கிடந்தது. என் கண்டக்டர் செல்லமுத்து இறங்கி ஓடி வந்து சொன்னான், "ஒண்ணுதானுங்ணா ஊதுனேன். நிறுத்தத்தானுங்ணா ஊதுனேன். பழனி முருகன் சத்தியமா ஒண்ணு." நான் அவன் கழுத்தில் கிடந்த விசிலைக் கயிற்றோடு அறுத்தேன். "படிக்கட்டப் பாக்காம ஊதறவன் கண்டக்டராடா" என்றேன், இத்தனை பேர் முன்னால். பாசஞ்சர்களில் பாதிப் பேர் ஒன்று என்றார்கள், பாதிப் பேர் இரண்டு என்றார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏய்யா, நீ கண்ணாடியில பாக்கலையா. லைசென்ஸ் போனது, ரூட் போனது, பெண் தருவதாக இருந்தவர்கள் ஆளையடித்தவனுக்கா என்று பின்வாங்கினார்கள், கல்யாணம் நாற்பத்தாறில், பிள்ளை ஐம்பத்தொன்றில், தாத்தா என்று கூப்பிடுகிறான் மை போட்ட மீசைக்காரன். எல்லாம் அந்த இரண்டாவது விசிலால். செல்லமுத்து இப்போது பஸ் ஸ்டாண்டில் நின்று பழனி பழனி என்று ஆள் கூப்பிடுகிறான். என்னைப் பார்த்தால் குரல் ஒரு கணம் நிற்கும். நான் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவேன். அவனுடைய விசிலை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். செ, மு. சாட்சிக்கு என்று. எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்டுவதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பத்து முப்பத்தைந்து. ரோட்டைத் தாண்டிக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன், எப்போது வந்தேன் என்று தெரியவில்லை. விசில் என் உதட்டில் இருக்கிறது. பித்தளை ருசி. ஊதிவிடலாம். இந்தக் கரகரப்பு அவளுக்குத் தெரியும், பி.டி. மாஸ்டருடையதையும் இதையும் பிரித்துவிடுவாள், அவள் காது அப்படி. ஒரே ஒரு தடவை, இரண்டு விசில், போலாம் கண்ணு, விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. மூச்சை இழுத்துவிட்டேன். ஆனால் அவள் எந்த ஸ்டாப்பில் இருக்கிறாள். ஒரு கணக்கின் கடைசி வரியில் இருந்தால்? விடையை எழுதப் போகிற நேரத்தில் நான் இரண்டு ஊதி, அவள் பாதியில் விட்டுவிட்டு ஓடி, அந்தப் பாதி அவளைப் பின்னாலிருந்து இழுத்து, கை புருவத்துக்குப் போனால்? ஒரு கால் படியில் ஒரு கால் ரோட்டில். ஜன்னல் கம்பி தெரிகிறது, சுவர் தெரிகிறது, அவள் தெரியவில்லை. படிக்கட்டைப் பார்க்காமல் ஊதுகிறவன். இதை யார் யாரிடம் சொன்னது. மூச்சு உள்ளேயே நிற்கிறது. விசிலை எடுத்துவிட்டேன், ஒரு நூல் எச்சில் கூடவே வந்தது. கேட் கம்பியின் ஊடாக பி.டி. மாஸ்டர் இப்போது பக்கத்தில் தெரிகிறார், என் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கிறார். கன்னம் உப்புகிறது. ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான் உப்பியது, நான் பார்த்தேன், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். எனக்கு இரண்டு கேட்டது. கட்டடத்தில் பட்டுத் திரும்பி இரண்டாவது கேட்டது. காது பொய் சொல்கிறதா. இன்னொரு தடவை ஊதட்டும் என்று நிற்கிறேன். ஊதினார். கன்னம் ஒன்று, சத்தம் இரண்டு. இரண்டாவது கொஞ்சம் மெல்லிசாக, ஆனால் இரண்டுதான், யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் பாதிப் பேர் இரண்டு என்பார்கள். ஜின்னிங் மில் ஸ்டாப்பில் மில் சுவர் ரோட்டை ஒட்டி இல்லை, ரோட்டைத் தாண்டி, பஞ்சு காயப்போடுகிற களத்தைத் தாண்டி இருக்கிறது அந்தச் சுவர். நீளமான சுவர். உயரமானதும்கூட. ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. நான் ஏன் இதை இவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அது என்ன செய்யும் என்று கேட்கவில்லை. இல்லை, இரண்டுதான் ஊதினான். அவன்தான் ஊதினான். இரண்டு ஊதவில்லை என்றால் நான் எதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நடந்தேன். கால் கிளட்சில் இருந்தது. விசிலுக்கு முன்னாலேயே இருந்தது. கண்ணாடி பக்கத்தில்தான் இருந்தது, தலையைக்கூடத் திருப்ப வேண்டாம், கண்ணை மட்டும்.

மணி அடித்தபோது என் கை கேட் கம்பியைப் பிடித்திருந்தது. வாட்ச்மேன் இந்தத் தடவை விரட்டவில்லை, என் முகத்தைப் பார்த்திருப்பான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் படியிறங்கி வருகிறார்கள், ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், எல்லா முகத்திலும் முதலில் புருவம். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். பையை இரண்டு தோளிலும் சரியாக மாட்டியிருந்தாள். வலது புருவம் முழுசாக இருந்தது. இடதில், புதிதாக முளைத்திருந்த இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளை. மூன்று முடி போயிருக்கலாம். நாலு இருக்கலாம். கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"குடுத்துட்டேன்."

"பேப்பரையா கண்ணு?"

"ம். அஞ்சு ஸ்டாப்பு விட்டுப்போச்சு. திரும்பி வர்றதுக்கு டைமில்ல." உதடு கொஞ்சம் கோணியது. "அவங்க நின்னுட்டேதான இருப்பாங்க."

 ரோட்டைத் தாண்டினோம். நடுரோட்டில் கேட்டாள், "நீ ஊதவே இல்லியே."

"எனக்கு உன்னயத் தெரியல சாமி. பாக்காம எப்பிடி ஊதறது."

யோசித்தாள். "வேற விசில் கேட்டுச்சு. அது ஒண்ணா ரெண்டான்னே தெரியலப்பா. ஒண்ணு மாதிரியும் இருந்துச்சு, ரெண்டு மாதிரியும் இருந்துச்சு. பென்சிலக் கீழ வெச்சேன், எடுத்தேன், மறுபடி வெச்சேன். அப்பறம் எந்திரிச்சுக் கேட்டேன்."

"யார்கிட்ட?"

"மிஸ்கிட்ட. மிஸ், இப்ப ஊதுனது ஒண்ணா ரெண்டான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"அது உனக்கு ஊதுனது இல்ல, உக்காந்து எழுதுன்னாங்க. அப்பறம் எழுதுனேன்."

ஜெராக்ஸ் கடை பெஞ்சில் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள், ஒரு சொட்டு சட்டையில் விழுந்தது, அதை விரலால் துடைத்தாள், இன்னும் துடைத்தாள். கையை எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன். என் வலது கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். சட்டையை விட்டுவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் விசிலின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. எடுத்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"இத கடைக்காரரு கீறலப்பா. கடைக்காரரு கீறுனா எல்லா விசில்லயும் கீறியிருக்கணும். மு யாரு?"

ரோட்டில் பழனி பஸ் ஒன்று போனது. படியில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஊதினான். நான் எண்ணவில்லை.

"செல்லமுத்து."

"அவரு யாரு?"

"என்ற கண்டக்டர்."

"அப்ப இது அவரோடதா?" விசிலைத் துடைத்தாள். "அவருக்கு இது வேண்டாமாமா?"

"தெரியல கண்ணு" என்றேன். "கேக்கணும்."